ஒன்று புள்ளி ஆறு

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம் கும்மிடிப்பூண்டியிலிருந்து அம்பத்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எளாவூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்த அம்மாவையும் ஏற்றிக்கொண்டிருந்தேன். வங்காள விரிகுடாவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு. இரண்டு நாளாக விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கவரைப்பேட்டை தாண்டி தச்சூர் கூட்டுரோடு வருவதற்குள், சாலை லேசாகப் பள்ளம் வாங்கும் ஓரிடத்தில், ஸ்டியரிங் திடீரென்று எடையில்லாமல் ஆனது. கையில் பிடித்திருந்தது காரோடு சம்பந்தமே இல்லாத ஒரு வளையம் போல இருந்தது. இரண்டு நொடி, அதிகம் போனால் மூன்று. அந்த நேரத்தில் வண்டிக்குள் இருந்த இரைச்சல் சுத்தமாக நின்றுபோனது. பிறகு தரை கிடைத்தது, ஸ்டியரிங் கனத்தது, இரைச்சல் திரும்ப வந்தது.

பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "ஏன்டா, ரோடு புதுசா போட்டுட்டாங்களா?"

மறுநாள் காலையில் அப்பாவின் வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னராக இருந்தவர். வெர்னியரின் வால் போல நீளும் கம்பி ஆழம் பார்ப்பதற்கானது. முன் டயர்களின் பள்ளத்தில் விட்டுப் பார்த்தேன். 2.1 மில்லிமீட்டர். சட்டப்படி நல்ல டயர்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 94வது விதி டயரின் நிலையைப் பற்றியது. காருக்கும் லாரிக்கும் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8. என் டயருக்கு இன்னும் அரை மில்லிமீட்டர் ஆயுள் இருந்தது. ஆனால் அன்று தச்சூர் பக்கம் அது டயராக இல்லை, படகாக இருந்தது.

சாஃப்ட்வேர் வேலையில் 'மேஜிக் நம்பர்' என்று ஒன்று உண்டு. யாரோ எப்போதோ எழுதிய நிரலின் நடுவே 1.6 என்று ஒரு எண் இருக்கும். ஏன் 1.6, ஏன் 2 இல்லை என்பதற்குப் பக்கத்தில் ஒரு வரி விளக்கம்கூட இருக்காது. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். எல்லாம் ஓடிக்கொண்டிருப்பதால் யாரும் தொட மாட்டார்கள். இந்த 1.6ஐ எழுதியது யார் என்று தேட ஆரம்பித்தேன்.

*

முதலில் டயரில் பள்ளம் எதற்கு? ஆரம்பகாலக் காற்று டயர்களில் அது கிடையாது. ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845ல் காப்புரிமை வாங்கியபோதும் சரி, ஜான் பாய்ட் டன்லப் 1888ல் மறுபடி கண்டுபிடித்தபோதும் சரி, டயர் என்றால் வழவழப்பான ரப்பர் குழாய்தான். இன்று நாம் மொட்டை டயர் என்று சொல்வதுதான் அன்றைக்குப் புது டயர். கார்கள் வேகமெடுத்த பிறகுதான் வழுக்கல் ஒரு பிரச்சினையானது. ஜெர்மனியின் கான்டினென்டல் 1904ல் கோடு போட்ட கார் டயரைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் 1908ல் இன்னும் வெளிப்படையாக, தன் பெயரையும் 'நான் ஸ்கிட்' என்ற சொல்லையும் எழுத்தெழுத்தாக டயரின் மேலேயே குறுக்காகச் செதுக்கிவிட்டது. ஈர மண்ணில் அந்த வண்டி போனால் விளம்பரம் அச்சாகிக்கொண்டே போகும். நம் விதிப்புத்தகம் பள்ளத்தின் ஆழத்தை இன்றும் 'நான் ஸ்கிட் டெப்த்' என்றுதான் சொல்கிறது. நம்மூர் டயர் கடைகளில் அதற்கு ஒரே சொல் 'பட்டன்'. "பட்டன் இருக்கு", "பட்டன் போயிடுச்சு". சட்டத்தின் சொல்லைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் பட்டன் என்ன செய்கிறது என்பது சரியாகப் புரிந்தது ரொம்பத் தாமதமாக, அதுவும் கார்க்காரர்களால் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெட் விமானங்கள் மழை ஓடுதளத்தில் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் ஓடின. நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்னும் ராபர்ட் டிரெஹரும் அதை ஆராய்ந்து 1963ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வேகம் கூடக் கூட டயருக்கு முன்னால் இருக்கும் தண்ணீர் விலக நேரமில்லாமல் அடியில் ஆப்பு மாதிரி நுழைகிறது. ஒரு கட்டத்தில் டயரையே தூக்கிவிடுகிறது. அந்த வேகத்துக்கு அவர்கள் ஒரு சின்னச் சூத்திரம் கொடுத்தார்கள். மணிக்குக் கிலோமீட்டரில் சொன்னால், டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஏறக்குறைய 16.6ஆல் பெருக்க வேண்டும். அழுத்தத்தைப் பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கும்போது சொல்லும் அதே அலகில், 30, 32 என்று, போட்டுக்கொள்ளலாம்.

32 வைத்திருந்தால் 94 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மிதக்கும். அன்று காலை என் முன் டயர்களில் இருந்தது 27. அதன் கணக்கு 86. நான் போன வேகம் 85 இருக்கும்.

இந்தக் கணக்கைப் போட்டபோது ஒரு விஷயம் உறுத்தியது. சூத்திரத்தில் பட்டன் ஆழம் எங்கேயும் இல்லை! காற்று மட்டும்தான் இருக்கிறது. அப்படியென்றால் புது டயரும் மொட்டை டயரும் ஒன்றா? அறிக்கையின் நிபந்தனையைப் படித்தபோதுதான் விளங்கியது. பள்ளங்கள் விழுங்கக்கூடியதைவிட அதிகத் தண்ணீர் சாலையில் நின்றால் மட்டுமே அந்தச் சூத்திரம் பேச ஆரம்பிக்கும். காற்று, எந்த வேகத்தில் மிதப்போம் என்பதைச் சொல்கிறது. அந்தக் கணக்குக்குள் நாம் நுழையவே தேவையில்லாமல் வைத்திருப்பது பட்டன். எட்டு மில்லிமீட்டர் பட்டனுக்கு ஆழமான தேக்கம் வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் பட்டனுக்கு ஜி.என்.டி. ரோட்டின் சாதாரணப் பள்ளம் போதும். பின்னாளில் ஹார்ன் இதே கணக்கை லாரிகளுக்கு நீட்டினார். சரக்கு இறக்கிவிட்டு வரும் காலி லாரிகள், டயரில் அவ்வளவு அழுத்தம் இருந்தும், எதிர்பார்த்ததைவிடக் குறைந்த வேகத்தில் மிதக்கும் என்று வந்தது. சிப்காட்டிலிருந்து இரவில் காலியாகத் திரும்பும் டாரஸ்களைப் பக்கத்தில் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இது வெறும் தகவல் அல்ல.

நானாக ஒரு கணக்கும் போட்டேன். டயரின் அகலம் 185 மில்லிமீட்டர், சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர், வேகம் 80. ஒரு டயர் ஒரு நொடியில் 12 லிட்டர் தண்ணீரை ஒதுக்கியாக வேண்டும். அதாவது ஒவ்வொரு நொடியும் ஒரு பிளாஸ்டிக் குடம். நாலு டயர், நாலு குடம்.

*

சரி, 1.6. அது மில்லிமீட்டரில் பிறந்த எண்ணே அல்ல. அமெரிக்காவில் 1968 ஜனவரி முதல் கார் டயர்களுக்கான மத்தியப் பாதுகாப்புத் தரம் அமலுக்கு வந்தது. டயர் தேய்ந்ததைப் பார்த்ததுமே தெரிகிற மாதிரி பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடுகள் வைக்க வேண்டும் என்றது அது. மேட்டின் உயரம் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் 1.5875 மில்லிமீட்டர். அமெரிக்கர்கள் அதை ஒரு சென்ட் காசில் அளந்தார்கள்: காசைத் தலைகீழாகப் பள்ளத்தில் விட்டால் லிங்கனின் தலை உச்சி முழுசாகத் தெரியக் கூடாது. பிரிட்டன் அப்போது 1 மில்லிமீட்டரோடு திருப்திப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் 1989ல் ஒரு பொது உத்தரவு போட்டு, 1992 முதல் எல்லோரும் 1.6 என்றன, பிரிட்டனும் 1லிருந்து 1.6க்கு ஏறியது. நம்முடைய விதியில் இருப்பதும் அதே எண்.

என் டயரில் இருக்கும் அந்த மேடுகளை இப்போது பார்க்கும்போது, யாரோ அங்குலத்தில் எழுதி, வேறு யாரோ மில்லிமீட்டருக்கு மாற்றி, தசமத்தை வெட்டிய கான்ஸ்டன்ட் என்றுதான் தோன்றுகிறது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சட்டத்துக்கு ஒரே எண் வேண்டும். மே மாதம் வேலூரிலும் நவம்பர் மாதம் பொன்னேரியிலும் அதே ஆர்.டி.ஓ. அதே கருவியால் அளக்க வேண்டும். ஆனால் நான் ஆர்.டி.ஓ. அல்லவே. என் கேள்வி வேறு. ஐப்பசி பிறக்கப்போகிறது, என்ன செய்யலாம்?

குளிர்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. இன்று நோக்கியன் என்று அழைக்கப்படும் ஃபின்லாந்து கம்பெனி 1934ல் பனிக்கென்றே தனி டயர் செய்தது, முதலில் லாரிகளுக்கு. ஜெர்மனியில் 'அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை' என்று ஒரு வழக்கு. அந்த மாதங்களுக்குக் குளிர்கால டயர், மற்ற மாதங்களுக்குக் கோடைகால டயர். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு செட். எங்கள் குளிர்காலம் மார்கழி ராத்திரியில் ஒரு போர்வையோடு முடிந்துவிடும். ஆனால் வருஷ மழையில் பாதிக்கும் மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும் கரை இது. ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை உண்டுதான், ஒரு மணி நேரத்தில் வெறித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அப்படியல்ல. 2015 டிசம்பர், 2023 டிசம்பரின் மிக்ஜாம் எல்லாம் இங்கே யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் 'அக்டோபர் முதல் ஈஸ்டர்' ஐப்பசி முதல் பொங்கல் வரை.

*

போன வருஷம் பயத்தில் அடுத்த வாரமே முன் டயர் இரண்டையும் மாற்றிவிட்டேன். பின்னால் இருந்தவை காரோடு வந்தவை, 2019ல் செய்தவை. இந்த செப்டம்பரில் வெர்னியரை விட்டுப் பார்த்தேன்: 2.9.

கணக்கு இப்படி வந்தது. பத்து மாதத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியதில் பின் டயர் தேய்ந்தது 0.6 மி.மீ. சட்டம் அனுமதிக்கும் மீதி 1.3. அதை ஓட்டினால் இன்னும் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வரும். அதில் மழை மாதங்களின் ஓட்டம் வெறும் மூவாயிரம். அந்த மூவாயிரத்துக்காக இருபதாயிரத்தை எறிவதா?

அப்பா இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பார். லேத்தில் மைக்ரான் பார்க்கிற மனிதர் ஸ்கூட்டர் டயருக்குக் கட்டைவிரல் நகத்தைத்தான் விட்டுப் பார்ப்பார். நகத்தின் நுனி மறைந்தால் போதும். டயர் என்பது அந்தத் தலைமுறைக்கு எறிகிற பொருளே அல்ல. போர்க்காலத்தில், ஜப்பான் மலாயாவைப் பிடித்து ரப்பர் நின்றுபோனபோது, அமெரிக்காவே டயரை ரேஷனில் கொடுத்து, ரப்பரை மிச்சம்பிடிக்க வேகத்தை மணிக்கு 35 மைலாகக் குறைத்தது. எங்கள் ஊர்ப் பக்கக் கதை இன்னும் நெருக்கமானது. கே.எம். மாமன் மாப்பிள்ளை 1946ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952ல் அவர் இறங்கியது டயருக்கு அல்ல, தேய்ந்த டயருக்கு: பழைய டயரின் மேல் புதுப் பட்டன் ஒட்டும் ட்ரெட் ரப்பருக்கு. நாலே வருஷத்தில் நாட்டின் ட்ரெட் ரப்பர் சந்தையில் பாதி எம்.ஆர்.எஃப். கையில் இருந்தது. மான்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து முதல் டயரை வெளியே உருட்டியது 1961ல்தான். இந்தியாவின் பெரிய டயர் கம்பெனி மொட்டை டயர்களின் மேல்தான் எழுந்தது என்று சொன்னால் தப்பில்லை.

திருவொற்றியூரும் அம்பத்தூரும் 2018 வரை திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூரில் 1959ல் வந்த டன்லப் ஆலை பலமுறை மூடித் திறந்து கடைசியில் மூடியே போனது. எம்.டி.எச். ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் இன்னும் அந்தப் பெயர். இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்பதோ, காற்று டயரின் பெயர் என்பதோ தெரியாது. ஒரு ஆலை போனதும் மாவட்டத்தின் வடக்கு மூலையில் இன்னொன்று வந்தது. கும்மிடிப்பூண்டி தாலுகாவில் தேர்வாய்கண்டிகை. பிரான்சின் மிஷெலின் 2009ல் அரசோடு ஒப்பந்தம் போட்டு, அங்கே சிப்காட் நிலத்தில் லாரி, பஸ் ரேடியல் டயர் ஆலையைக் கட்டியது. அந்த இடம் எங்கள் மேய்ச்சல் நிலம், எங்கள் ஏரிகளுக்குத் தண்ணீர் கொடுக்கிற காடு என்று ஊர்க்காரர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், போராடினார்கள். 2012ல் அந்தப் புகார் பாரிஸ் வரை போனது. பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தையைக் கவனிக்கிற பிரெஞ்சு அமைப்பு அதை விசாரித்தது. ஆலை வந்துவிட்டது. ஒரு டயருக்குப் பின்னால் ரப்பரும் எண்ணெயும் மட்டுமல்ல, ஆடு மேய்ந்த இடமும் இருக்கிறது என்பது தேர்வாய் ரோட்டில் போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

வேடிக்கை என்னவென்றால், டயரைச் சீக்கிரம் எறியாதே என்று உலகத்திலேயே உரக்கச் சொன்னதும் அதே மிஷெலின்தான். கான்டினென்டல் கோடை டயரை 3 மில்லிமீட்டரில் மாற்று, குளிர் டயரை 4ல் மாற்று என்று சொல்கிறது. பல பாதுகாப்பு அமைப்புகளும் 3 என்கின்றன. மிஷெலின் 2017ல் எதிர்ப்பக்கம் நின்றது: 1.6 வரை ஓட்டுங்கள்; 3லேயே மாற்றினால் ஐரோப்பாவில் மட்டும் வருஷத்துக்கு 12.8 கோடி டயர் கூடுதலாக வேண்டியிருக்கும். டயர் விற்கிறவன் டயர் வாங்காதே என்கிறானே என்று முதலில் ஆச்சரியப்பட்டேன். கூடவே இன்னொரு வாதமும் இருந்தது. எல்லா டயரும் ஒரே மாதிரி தேய்வதில்லை, புதிதாக இருக்கும்போது சோதிப்பதால் என்ன பயன், தேய்ந்த பிறகு ஈரச்சாலையில் சோதியுங்கள் என்றார்கள். கடைசி வரை நல்ல டயர் செய்கிறோம் என்று நம்புகிற கம்பெனிக்கு அது நல்ல வியாபாரமும்கூட. 2024 ஜூலை முதல் ஐரோப்பாவில் புதிய டயர் வகைகளுக்கு அப்படிச் சோதிக்கும் விதி வந்துவிட்டது.

இரண்டு பக்கமும் எண்ணைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள், 3ஆ 1.6ஆ என்று. எனக்கு அது நாள்காட்டியில்லாத சண்டையாகத் தெரிந்தது. தை பிறந்த பிறகு இந்த 2.9ஐ வைத்துக்கொண்டு அடுத்த ஆடி வரை கவலையில்லாமல் ஓட்டுவேன். ஐப்பசியில் மாட்டேன். ஒரே டயர், ஒரே ரோடு.

ஜெர்மன்காரர் மாதிரி கழற்றி வைத்து, பொங்கலுக்குப் பிறகு திரும்ப மாட்டினால் என்ன என்றும் யோசித்தேன். பக்கவாட்டில் ஒரு முட்டைக்குள் இருந்த நாலு எண்கள் வேண்டாம் என்றன: 3819. 2019ன் 38வது வாரம். ஆறு வருஷ வெயிலில் ரப்பர் இறுகியிருந்தது. பள்ளங்களின் அடியில் மயிரிழை வெடிப்புகள். நம்மூரில் டயரைத் தேய்மானத்துக்கு முன்னால் வெயில் தின்றுவிடுகிறது.

*

கவரைப்பேட்டைக்கு முன்னால் நான் வழக்கமாகக் காற்றுப் பிடிக்கும் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத்த எதுக்கு தம்பி மாத்தற? இன்னும் ஒரு வருஷம் ஓடும்."

"மழை வருதேண்ணே."

"மழைல மெதுவா போ." அதைவிட மலிவான அறிவுரை இல்லை, அதைவிடச் சரியானதும் இல்லை. வர்க்கமூலம் எல்லாம் போட்டு நாசா சொன்னதும் அதுதான். ஆனால் இரவு எட்டு மணிக்குப் பின்னால் ஒரு டாரஸ் ஹை பீம் அடிக்கும்போது மெதுவாகப் போகிற உரிமை அந்த ரோட்டில் யாருக்கும் இல்லை.

புது டயர்களை முன்னால் போட்டு, முன்னால் இருப்பதைப் பின்னால் தள்ளப் போனார். எல்லாக் கடையிலும் இதுதான் பழக்கம். போன வருஷம் நானும் பேசாமல் இருந்தேன். பின்னால் போடச் சொன்னேன். முன் டயர் மிதந்தால் ஸ்டியரிங் லேசாகி நமக்குத் தெரிந்துவிடும், காலை எடுத்தால் திரும்பக் கிடைக்கும். பின் டயர் மிதந்தால் வண்டியின் வால் முன்னே வந்த பிறகுதான் தெரியும். "இழுக்கறது முன்சக்கரம்தானே" என்றார். விளக்கினேன். தலையாட்டினார், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை, ஆனால் போட்டார்.

கழற்றிய இரண்டையும் சுவரோரம் சாய்த்து வைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவ ஆரம்பித்தார். கும்மிடிப்பூண்டி பக்கம் பழைய டயரை வேகவைத்து எண்ணெய் எடுக்கிற ஆலைகள் உண்டு. அங்கே போகும் டயரை யாரும் கழுவ மாட்டார்கள்.

"இது எங்கண்ணே போவுது?"

"கால் டாக்ஸி ஓட்டற பையன் ஒருத்தன் கேட்டுகினே இருக்கான். இதே சைஸ்."

"எந்தப் பக்கம் ஓட்டறாரு?"

"செங்குன்றம், கும்மிடிப்பூண்டிதான். நைட் ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏத்தறான்."

என் ரோடு. என் மழை. நான் ஆறு நாள் கணக்குப் போட்டு வேண்டாம் என்று முடிவு செய்த டயர். வெடிப்பைக் காட்டினேன். வேண்டுமானால் நானே எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றேன்.

"அவன் வண்டில இப்ப கீறது மொட்டை தம்பி. கம்பி தெரியுது. இது அவனுக்குப் புதுசு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பணம் கொடுத்தேன். வண்டியில் ஏறியவன் திரும்ப இறங்கி வந்து சொன்னேன்:

"அவருக்கும் பின்னாடி போடுங்கண்ணே. காத்து முப்பத்திரண்டு வெச்சுடுங்க."

சிரித்துக்கொண்டே டயரைத் திருப்பி அடுத்த பக்கத்தைக் கழுவ ஆரம்பித்தார்.